காற்றில்லாத இடம்

காவல்கிணறு விலக்கில்
வாழைத்தார் லாரியின் முதுகுக்கு ஒரு சாண் முன்னால்
நின்றது வண்டி.
நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது.
சீட்டை விட்டு எழும்பி, இரண்டு காலாலும் மிதித்தேன்.
பெடல் அம்மிக்கல்லாய்க் கிடந்தது.

பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கும் என்றார் பெட்ரோல் போடுகிறவர்.
மூடியைத் திறந்தால் கோடு வரை நிற்கிறது.
போனில் சேர்மதுரை சொன்னார்:
'ஒனக்குக் கால்ல பலமில்ல பிரம்மசக்தி.'
இருபது வருசமாய் அடுத்தவர் உயிருக்குத் தவணை எழுதுகிறேன்.
என் காலைப் பற்றி எனக்குத் தெரியாதா.

முதல் கியரில், ஹேண்ட்பிரேக்கில் ஒரு கை வைத்தபடி
பணகுடி வியாகுலம் பட்டறை வரை.
சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்தினார்கள்.

ஆனி மாதம். பட்டறைத் தகரம் கிடந்து அடிக்கிறது.
வியாகுலம் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைக் கேட்டார்:
'மெத்துன்னு உள்ள போவுதா, கல்லு மாதிரி நிக்கா?'
கல்லு.
'அப்பம் ஆயில் இல்ல. காத்து.'

இஞ்சினை அணைத்து நாலு மிதி.
ஐந்தாவதில் காலை எடுக்காமல் சாவியைத் திருப்பச் சொன்னார்.
'இப்பம் பெடல் லேசா எறங்கணும். எறங்குதா?'
இறங்கவில்லை.
'இல்ல' என்றேன், பரீட்சையில் தோற்ற குரலில்.

'பெடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தகர டப்பா இருக்கு,
நடுவுல ரப்பர்த் தோல்.
முன்பக்கக் காத்த இஞ்சின் உறிஞ்சிக்கிடும்.
நீங்க மிதிச்சா பின்பக்கமா வெளிக்காத்து வந்து தள்ளும்.
ஒங்க கால் கொஞ்சம், காத்து மிச்சம்.
இத்தன நாளும் நீங்க தனியா மிதிக்கலம்மா.'

சைக்கிள் டியூப் துண்டைக் காதில் வைத்து
இஞ்சின் மேல் குனிந்தார்.
எங்கே கசிகிறது என்று கேட்க வேண்டும்.
கேட்க விட்டால்தானே?
முப்பது காத்தாடி சுற்றுகிற ஊரில்
ஒரு பொத்தலின் மூச்சைத் தேடுகிறார் மனுசன்.
'சவத்துக் காத்து!'

டீக்கடையில் இருந்து நாலு பேர் வந்தார்கள்.
எதிரே முருங்கைக்காய் மண்டி. ஞாயிறு, காலி.
வண்டியை உள்ளே தள்ளி
ஷட்டரை முழங்கால் உயரம் வரை இறக்கினோம்,
புகை போக அவ்வளவு போதும்.

சாக்கு வாசனை. தராசின் கொக்கி அசையவில்லை.
அந்த அமைதியில் இஞ்சின் லேசாய் இருமுவது
எனக்கே கேட்டது.
அதற்கும் அடியில்
கோயிலில் பேசுகிற பிள்ளையை அடக்குகிற மாதிரி
ஒரு 'உஸ்ஸ்'.

'தொட்டுப் பாருங்க, இதுக்கு அடியில.'
கிளிப்பை ஒட்டி, குழாயின் கீழ்ப்பக்கம்,
கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு.
என் விரல் நுனியை உள்ளே இழுத்தது,
பால் குடிக்கிற வாய் போல.
விரல் அடைத்ததும் இஞ்சின் இருமலை நிறுத்தியது.

அணைத்துவிட்டுக் குழாயை உருவினார்.
அதன் வால்வை வாயில் வைத்து ஊதினார், உறிஞ்சினார்.
ஒரு பக்கம் போனது, மறுபக்கம் போகவில்லை.
'வால்வு யோக்கியன். குழாய்தான்.'
வெடித்த இஞ்சை பிளேடால் நறுக்கி
மிச்சத்தை இழுத்துச் செருகி, புதுக் கிளிப் போட்டார்.

மறுபடி நாலு மிதி. ஐந்தாவதில் பிடித்தேன்.
சாவி.
காலுக்குக் கீழே பெடல்
தூக்கத்தில் புரண்டு இடம் விடுகிறவர் மாதிரி
ஒரு விரற்கடை இறங்கியது.

நூற்றைம்பது ரூபாய்.
'புதுக் குழாய் நாளைக்கு நாரோயில்ல இருந்து வரும்.
அதுவரைக்கும் வள்ளியூர் தாண்டாதீங்க.'
பாலிசி இருக்கா என்று கேட்டேன், பழக்கதோசம்.
'இருக்கு. ரெண்டு வருசமா கட்டல.'

வீட்டுக்குப் போகும் வழியில்
முன்னால் ஒரு வண்டியும் இல்லாத இடத்தில்
ஒருமுறை பிரேக் போட்டேன், சும்மா.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து
என்னமோ திட்டிக்கொண்டே போனான்.
காற்றில் எதுவும் கேட்கவில்லை.